மாருதி 800 காபரேற்றர் கார்: இந்தப் பெற்றோல் விலையில் வைத்திருக்கலாமா, விற்கலாமா?

இலங்கையின் வடக்கே வன்னியில் மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு முடிவை முதலே சொல்லிவிடலாம். தகரம் உக்காமல், எஞ்சின் ஒயில் குடிக்காமல் இருந்தால் அந்தக் காரை விற்காதீர்கள். "பெற்றோல் கூட எரியுது" என்று சொல்லி விற்பவர்களில் பலர், முப்பதாயிரம் ரூபாவுக்குள் முடிகிற வேலையைச் செய்யாமல் இருபது இலட்சம் கடன்படுகிறார்கள். 1500 சீசீ பழைய ஜப்பான் கார் வைத்திருப்பவருக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவருக்குரிய கணக்கு வேறு, அதையும் கீழே பார்ப்போம்.

இந்தியாவில் 1983 இறுதியில் வெளிவந்து, 1986இல் உருமாறி, 2014 தொடக்கம் வரை செய்யப்பட்ட கார் இது. 796 சீசீ, மூன்று சிலிண்டர், நாலு கியர், ஆள் ஏறாமல் 650 கிலோ அளவு பாரம். எங்கள் பக்கத்தில் ஓடுபவற்றில் இரண்டு வகை உண்டு: சோக் இழுத்து ஸ்ராட் செய்யும் காபரேற்றர் கார் (காபரேற்றர் என்பது பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பாகம்), 2000ஆம் ஆண்டளவில் வந்த, கம்பியூட்டர் சொல்லப் பெற்றோலைத் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ கார். இந்த மதிப்பீடு பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியது. ஏனென்றால் பெற்றோலை வீணாக்குகிறது என்ற கெட்ட பெயர் அதற்குத்தான். ஒழுங்காகச் செற் பண்ணினால் அந்தப் பெயர் போய்விடும்.

வன்னி நிலத்துக்கு இது பொருந்துகிற கார். மூன்று சிலிண்டர் சின்ன எஞ்சினின் பெரிய பலவீனம் ஏற்றம். ஓமந்தையில் இருந்து ஆனையிறவு வரை ஏ9 வீதியில் மூன்றாம் கியருக்கு இறக்க வைக்கும் ஏற்றம் என்று ஒன்றும் இல்லை. மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகிற ஏ34, பரந்தனில் இருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாகப் போகிற ஏ35 இரண்டும் அப்படித்தான். நாலாம் கியரில் 50 முதல் 60 வரை வேகத்தில் மணிக்கணக்காக ஓடுவதற்கு இதைவிடச் சிக்கனமான நாலு சில்லு வாகனம் அதே விலைக்குக் கிடைப்பது கடினம்.

ஒழுங்காக ரியூன் செய்த காபரேற்றர் மாருதி ஏ9இல் லீற்றருக்கு 16 முதல் 18 கிலோமீற்றர் ஓடும். கவனிக்காத கார் 11, 12 ஓடும். இந்த இடைவெளி எவ்வளவு பணம் என்று பாருங்கள். மாதம் 1000 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள், பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வைப்போம். 12 ஓடுகிற கார் 83 லீற்றர் குடிக்கும், 25,000 ரூபா. 17 ஓடுகிற கார் 59 லீற்றர், ஏறத்தாழ 17,650 ரூபா. அதே காரில் மாதம் 7,000 ரூபாவுக்கு மேல் மிச்சம். முப்பதாயிரம் ரூபா ரியூனிங் செலவு ஐந்தாம் மாதத்துக்குள் திரும்பி வந்துவிடும்.

இனி அதே காரை விற்று, லீற்றருக்கு 22 ஓடுகிற, பெற்றோலோடு பற்றரியையும் பாவிக்கும் சின்ன ஹைபிரிட் வாங்கினால்? 45.5 லீற்றர், 13,650 ரூபா. நல்லாகச் செற் பண்ணிய மாருதியோடு ஒப்பிட்டால் மிச்சம் மாதம் 4,000 ரூபா, வருடம் 48,000. மேலதிகமாகப் போடும் காசு இருபது இலட்சம்தான் என்று குறைத்து வைத்தாலும், அதைப் பெற்றோலில் மீட்க 41 வருடம் வேண்டும். 2022 ஆனி மாதக் கடைசியில் 92 பெற்றோல் 470 ரூபாவுக்குப் போனதே, அந்த விலையே நிரந்தரம் என்று வைத்தாலும் 26 வருடம். லீசிங்கில் எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். வட்டி 14 வீதம் என்று வைத்தால் முதல் வருட வட்டி மட்டும் இரண்டரை இலட்சம் அளவில் வரும். பெற்றோல் மிச்சத்துக்காகக் கடன்பட்டு வாகனம் மாற்றுவது கணக்கில் நிற்காது. ஏசி வேண்டும், பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதற்காக மாற்றினால் அது நல்ல காரணம். அதைப் பெற்றோல் கணக்கோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

2022 ஆடியில் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று தொடங்கினார்கள். 12 ஓடுகிற காருக்கு அது 240 கிலோமீற்றர், 17 ஓடுகிற காருக்கு 340. முல்லைத்தீவில் இருந்து மாங்குளம் வழியாக வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய்வர 200 கிலோமீற்றர் அளவில் வரும். போய்வந்த பிறகும் அந்தக் கிழமைக்கு வேறு ஓட்டம் ஓடலாமா, காரை மூடி வைக்க வேண்டுமா என்பதை அன்று காபரேற்றருக்குள் பெற்றோல் வருவதைத் திறந்து மூடும் ஒரு ஊசிவால்வும், தீப்பொறி போடும் மூன்று பிளக்கும் தீர்மானித்தன.

ரியூனிங் செய்வதற்கு முன் உங்கள் கார் உண்மையில் எவ்வளவு ஓடுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். "இரண்டாயிரத்துக்கு அடிச்சன், கிளிநொச்சி போய் வந்தன்" என்பது அளவு ஆகாது. ராங்கி நிறைய அடித்து, பம்ப் தானாக நின்றதும் நிறுத்தி, மீற்றரை எழுதுங்கள். 200 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடி, அதே பெற்றோல் செற்றில் அதே பம்பில் திரும்ப நிறைய அடியுங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை அடித்த லீற்றரால் பிரித்தால் சரி.

மீற்றரையும் நம்பி இருக்க வேண்டாம். மாருதிக்கு வந்த ரயர் 145/70 ஆர் 12. தேடிக் கிடைக்காமல் பலர் அல்டோவின் 145/80 ஆர் 12 போட்டிருப்பார்கள். அது கிட்டத்தட்ட 6 வீதம் பெரிய வட்டம். மீற்றர் 100 காட்டும்போது கார் 106 ஓடியிருக்கும். காரில் பிழை இல்லை, மீற்றர் குறைத்துக் காட்டுகிறது. ஏ9இல் கிலோமீற்றர் கல்லைப் பார்த்து 20 கல் தூரம் ஓடிச் சரிபார்த்தால் உங்கள் மீற்றரின் பிழை எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

முதலில் மூன்று பிளக்கையும் கழட்டுங்கள். கழட்டும் ஒழுங்கில் ஒரு பலகையில் வையுங்கள், கலந்துவிடாதீர்கள். முனை மாரி பிஸ்கற் நிறத்தில் காய்ந்திருந்தால் எரிதல் சரி. சட்டிக் கரிபோலக் காய்ந்த கறுப்பு என்றால் பெற்றோல் கூட, காற்றுக் குறைவு. ஒயில் பிசுபிசுப்போடு கறுப்பு என்றால் பிஸ்ரன் றிங் அல்லது வால்வு சீல் தேய்ந்துவிட்டது. வெள்ளையாக வெந்திருந்தால் பெற்றோல் குறைவு அல்லது ரைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பிழை. மூன்றும் ஒரே நிறத்தில் கறுப்பாக இருந்தால் பிழை காபரேற்றர், ஏர் ஃபில்ரர், சோக் பக்கம். ஒன்று மட்டும் கறுப்பு என்றால் அந்தச் சிலிண்டரின் வயர், பிளக், கொம்பிறசன் பாருங்கள். இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு இல்லாமல் கண்ணால் வைப்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம். வயர் திரும்பப் பூட்டும்போது எரியும் ஒழுங்கு 1-3-2.

பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூட்டர், பொயின்ற் (தொட்டு விலகித் தீப்பொறியை உண்டாக்கும் முனை) உள்ள வகை என்றால், மூடியைக் கழட்டி, கேம் முனை பொயின்றை முழுவதும் திறந்து நிற்கும் இடத்தில் 0.4 முதல் 0.5 மில்லிமீற்றர் வையுங்கள். பொயின்றின் ஃபைபர் குதி தேயத் தேய இடைவெளி குறையும், ரைமிங் பின்னுக்குப் போகும். கார் நிற்காது, சத்தமும் போடாது. இழுவை மட்டும் மெல்ல மெல்லக் குறையும். ஓட்டுபவர் தெரியாமலே அக்சிலேற்றரைக் கூட மிதிப்பார். எட்டாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை பார்த்தால் இந்தக் களவு நடக்காது. கேமில் அரிசி அளவு கிறீஸ் வைக்க மறக்க வேண்டாம். அதே இடத்தில் டிஸ்ரிபியூட்டரில் இருந்து காபரேற்றருக்குப் போகும் மெல்லிய வக்கியூம் ரியூப்பைக் காபரேற்றர் பக்கத்தில் கழட்டி வாயால் உறிஞ்சிப் பாருங்கள். உள்ளே பொயின்ற் தட்டு அசைய வேண்டும், நாக்கால் அடைத்தால் அசைந்த இடத்திலே நிற்க வேண்டும். காற்று வந்துகொண்டே இருந்தால் உள்ளே உள்ள டயபிராம் கிழிந்துவிட்டது. அது கிழிந்த கார் நேர் வீதியில் ஒரே வேகத்தில் ஓடும்போதுதான் கூடுதலாகக் குடிக்கும். வன்னியில் நாங்கள் ஓடுவது பெரும்பாலும் அப்படித்தான். ஆனாலும் இதைப் பார்க்கிற கராஜ் குறைவு.

அடுத்தது காபரேற்றர். ஏர் கிளீனர் மூடியைத் திறந்து, சோக் குமிழை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு மேலிருந்து பாருங்கள். குளிர் எஞ்சினுக்குக் காற்றைக் குறைக்கும் சோக் தகடு நேரே செங்குத்தாக நிற்க வேண்டும். கேபிள் இறுகிக் கொஞ்சம் சரிந்து நின்றாலும் கார் நாள் முழுக்கச் சோக்கில் ஓடுகிறது என்றுதான் அர்த்தம். ஒரு சொட்டு ஒயிலும், கேபிள் கிளிப்பை இரண்டு மில்லிமீற்றர் இளக்கிப் பூட்டுவதும் போதும்.

பிறகு மேல் மூடியைக் கழட்டினால் பெற்றோல் நிற்கும் கிண்ணம் தெரியும். உள்வீதிக் கிரவலில் ஓடும் காரில் அந்தக் கிண்ணத்தின் அடியில் செம்மண், அரைத்த மஞ்சள்போல வழுவழுப்பாகப் படிந்திருக்கும். அதற்குள் கறுப்புப் பொடி கலந்திருந்தால் ரியூப் றப்பர் உள்ளுக்குள் கரைகிறது. மண்ணிறச் செதில் என்றால் ராங்கி கறள் பிடித்துவிட்டது, ராங்கியைக் கழுவாமல் காபரேற்றரை மட்டும் கழுவுவது வீண் வேலை. கண்ணாடி உருண்டைபோல அடியில் உருண்டு திரிவது தண்ணீர். மிதவையை எடுத்துக் காதடியில் குலுக்குங்கள். உள்ளே பெற்றோல் தளம்பும் சத்தம் கேட்டால் மிதவை ஓட்டை. அது தாழ்ந்து கிடக்கும், ஊசிவால்வு மூடாது, கிண்ணம் வழிந்து பெற்றோல் எஞ்சினுக்குள் ஊறும். ஊசிவால்வின் கூம்பில் நகத்தால் தடவும்போது வளையம் தட்டுப்பட்டால் அதை மாற்றுங்கள். காபரேற்றர் கிற்றில் ஊசிவால்வு, கஸ்கற், அக்சிலேற்றர் பம்ப் டயபிராம் மூன்றும் வரும். மூன்றையும் சேர்த்தே போடுங்கள்.

பெற்றோல் அளவாகப் போகும் துளையுள்ள ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது. பித்தளை மெதுவானது, ஒரு தரம் குத்தினாலே துளை பெருக்கும், பிறகு எந்த ரியூனிங்கும் நிற்காது. காபரேற்றர் கிளீனரும் கம்பிறசர் காற்றும் போதும். "சின்ன ஜெட் போட்டால் பெற்றோல் மிச்சம்" என்று சொல்லி ஈயம் வைத்து அடைத்துத் துளைக்கிற வேலையும் நடக்கிறது. அதை விடவே விடாதீர்கள். எஞ்சின் சூடேறி வெளிவால்வு எரியும். இழுவை இல்லாமல் கூட மிதிப்பதால் சொன்ன மிச்சமும் வராது.

எல்லாம் பூட்டிய பிறகு, எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக் கலவை ஸ்குறூவை வையுங்கள். முழுக்க இறுக்கி ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். இறுக்கும்போது அழுத்த வேண்டாம், ஊசி முனை நசியும். கால் கால் சுற்றாக உள்ளே போக எஞ்சின் தடுமாறும், வெளியே வர ஒரு கட்டத்தில் வேகமாகவும் சீராகவும் ஓடும். அந்த இடத்தில் இருந்து மயிரளவு உள்ளே வைத்தால் சரி. பிறகு சும்மா நிற்கும் வேகத்தை 850 முதல் 900 சுற்றுக்கு இறக்குங்கள். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் தோற்கிற காபரேற்றர் கார்கள் பல இந்த ஒரு ஸ்குறூவாலும் ஏர் ஃபில்ரராலும் தோற்பவை. ரியூனிங்கைப் பரிசோதனைக்கு முதல் கிழமை வைத்துக்கொண்டால் ஒரே செலவில் இரண்டு வேலை முடியும்.

ஏர் ஃபில்ரருக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் தூரம் வன்னிக்கு இல்லை. தினமும் கிரவலில் ஓடினால் 2,500 கிலோமீற்றருக்கு ஒருமுறை கழட்டி, உள்ளிருந்து வெளியே காற்றடியுங்கள். வெளியிலிருந்து அடித்தால் புழுதி தாளுக்குள் இறுகும். 10,000இல் புதிது போடுங்கள். எஞ்சின் ஒயில் 5,000க்கு ஒருமுறை. இரண்டரை லீற்றர் ஊற்றி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, டிப்ஸ்ரிக் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேல் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். கோட்டுக்கு மேல் போனால் எஞ்சின் கனக்கும்.

வெக்கைக்குப் பயந்து, எஞ்சின் சூடேறும் வரை றேடியேற்றருக்குத் தண்ணீர் போவதைத் தடுக்கும் தேமோஸ்ரற்றைக் கழட்டி எறிகிற பழக்கம் இங்கே ஊறிப்போன ஒன்று. கார் சூடேறினால் முதல் வேலையாக மெக்கானிக் அதைத்தான் கழட்டுவார். அது இல்லாத எஞ்சின் ஓடவேண்டிய சூட்டுக்கு வர நெடுநேரம் பிடிக்கும், சின்ன ஓட்டங்களில் வரவே வராது. சூடேறாத எஞ்சினில் பெற்றோல் முழுக்க ஆவியாகாது, சுவரில் ஒட்டி ஒயிலுக்குள் இறங்கும். எம்பிஎஃப்ஐ காரில் இன்னும் கூடாது. எஞ்சின் குளிர் என்று கம்பியூட்டர் நினைத்துக் கூடுதலாகத் தெளித்துக்கொண்டே இருக்கும். சூடேறுகிறதென்றால் றேடியேற்றரைக் கழட்டித் தூர்வாருங்கள், மூடியின் றப்பரைப் பாருங்கள், விசிறி எந்தச் சூட்டில் சுற்றத் தொடங்குகிறது என்று கவனியுங்கள். கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு கட்டும். கூலன்ற் வாங்கி ஊற்றுவது வீண் செலவில்லை. அதனால்தான் றேடியேற்றர் நீண்ட நாள் நிற்கும்.

எஞ்சினில் ஒரு பிழையும் இல்லாமல் பெற்றோல் போகிற இடம் சில்லு. சேற்றிலும் புழுதியிலும் ஓடிய காரில் பிரேக் கலிப்பர் வழுக்கும் கம்பி இறுகி, காலை எடுத்தாலும் பாட் டிஸ்கை விடாது. பத்துக் கிலோமீற்றர் ஓடி, பிரேக் அதிகம் பிடிக்காமல் நிறுத்தி, நாலு சில்லு றிம்மின் நடுவிலும் புறங்கையை அண்டப் பிடியுங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கேதான் இழுக்கிறது. ஜக் அடித்துக் கையால் சுழற்றினால் பின்சில்லு மூன்று சுற்றாவது சுற்ற வேண்டும். கைப்பிரேக் கேபிளை இறுக்கி விட்டவர்கள் எத்தனையோ பேர். ரயர்க் காற்றை மாதம் ஒருமுறை, விடியற்காலையில், ஓடுவதற்கு முன் பாருங்கள். கிரவலில் குலுங்குகிறது என்று காற்றைக் குறைத்து வைத்து அதே காற்றோடு ஏ9க்கு ஏறுவது பெற்றோலையும் ரயரையும் சேர்த்துத் தின்னும். மேலே பூட்டிய கரியரைத் தேவை இல்லாத நாளில் கழட்டி வையுங்கள். இந்தச் சின்ன எஞ்சினுக்குக் காற்றுத் தடை பெரிய பாரம்.

இந்தக் காரைப் பற்றி வருகிற முறைப்பாடுகளில் ஒன்று ஏ9இல் பிள்ளையார் கோயில் உள்ள முறிகண்டியில்தான் கூடுதலாக நடக்கும். வவுனியாவில் இருந்து ஒரே இழுவையாக வந்து, பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு வந்து சாவியைத் திருகினால் எஞ்சின் சுற்றும், பிடிக்காது. பற்றரி நல்லம், பிளக் நல்லம். நடப்பது இதுதான்: ஓடும்போது அடிக்கும் காற்று நின்றதும் எஞ்சின் சூடு மேலே ஏறி, காபரேற்றர்க் கிண்ணத்துப் பெற்றோலைக் கொதிக்க வைக்கிறது. அது வழிந்து உள்ளே ஊறிக் கிடக்கிறது. அந்த நேரத்தில் சோக் இழுப்பதும் அக்சிலேற்றரைக் குத்திக் குத்தி மிதிப்பதும் இன்னும் பெற்றோலை ஊற்றுகிற வேலை. அக்சிலேற்றரை ஒரே முறை மெதுவாக அடிவரை அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு ஐந்து, ஆறு செக்கன் சுற்றுங்கள். ஊறியது வெளியேறிப் பிடிக்கும். பிடித்ததும் காலைத் தளர்த்துங்கள். நிற்கும் ஐந்து நிமிடமும் பொனற்றைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் பெரும்பாலும் இந்தப் பிரச்சினையே வராது. நிரந்தர மருந்து, காபரேற்றருக்கும் மனிபோல்டுக்கும் நடுவில் இருக்கும் தடித்த சூடு தடுக்கும் தட்டு. கழட்டிப் பூட்டிய யாரோ அதை வெடித்துப்போனது என்று எறிந்துவிட்டு வெறும் தாள் கஸ்கற் போட்டிருப்பார்கள். அதைத் தேடிப் போடுங்கள்.

மண்ணெண்ணெய் பற்றி ஒரு விசயம் கட்டாயம் சொல்ல வேண்டும். யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது இந்த மண்ணில் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோலில் ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடான பிறகு மாற்றி ஓட்டினார்கள். சனத்தையும் காயக்காரரையும் ஏற்றி இறக்கிய கார்கள் அவை, அந்த அறிவு மதிக்க வேண்டியது. ஆனால் அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) இதைவிடக் குறைவு. மாருதியினது 8.7. மண்ணெண்ணெய் கலந்தால் கலவை ஒழுங்காக எரியாமல் தானாக வெடித்து உள்ளே சுத்தியலால் தட்டுவதுபோலக் கேட்கும். எரியாத மிச்சம் சுவர் வழியே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். ஒரு லீற்றர்தானே என்று கலந்தவர்கள் பிறகு றிங்கும் பெயரிங்கும் மாற்றியிருக்கிறார்கள். மறுபக்கம், 95 பெற்றோல் அடித்தால் கூடுதல் தூரம் ஓடும் என்பதும் சரியில்லை. இந்த அமுக்கத்துக்கு 92 போதும், மேலே கொடுக்கிற காசு எஞ்சினுக்குத் தெரியாது.

எம்பிஎஃப்ஐ மாருதி வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: காபரேற்றர் பக்கம் சொன்னது தேவையில்லை, மற்ற எல்லாம் பொருந்தும். திடீரென்று குடிக்கத் தொடங்கினால் முதலில் கூலன்ற் சூட்டுச் சென்சர், அடுத்தது ஒட்சிசன் சென்சர். இறக்கத்திலும் சிக்னலுக்கு வரும்போதும் கியரிலேயே விட்டு வாருங்கள், அப்போது இன்ஜெக்டர் பெற்றோல் தெளிப்பதைத் தானாக நிறுத்தும். நியூற்றலில் விட்டால் சும்மா நிற்பதற்குரிய பெற்றோல் எரியும். எந்த வகைக் காரிலும் ஓடும்போது சாவியைத் திருப்பி நிறுத்த வேண்டாம். ஸ்ரியரிங் பூட்டிக்கொள்ளக்கூடும்.

குறைகளை மறைப்பது சரியில்லை. முக்கியமான குறை பாதுகாப்பு. ஏர்பாக் இல்லை, தகரம் மெல்லியது. ஏ9இல் 70இல் போகும்போது சொகுசு பஸ் உரசிக்கொண்டு முந்தினால் கார் முழுதும் ஒரு பக்கம் தள்ளுப்படும். கனகராயன்குளம், மாங்குளம் பக்கம் இரவில் வீதியில் படுத்திருக்கும் மாட்டில் மோதினால் பெரிய கார் தாங்குவதை இது தாங்காது. இரவு ஓட்டம் கூட உள்ளவர்கள், நாலு பெரியவர்களோடு கொழும்புக்கு அடிக்கடி போகிறவர்கள் இதை முதற் காராக வைத்திருக்கக் கூடாது. 12 அங்குல ரயரும் கிராமப் பக்கத்துக் கடைகளில் நினைத்தவுடன் கிடைக்காது. ஒரு ஸ்பெயார் எப்போதும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். மற்றச் சாமான்கள் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் கிடைக்கும், பழைய அசல் சாமான் வேண்டுமானால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் சொல்லி பஸ்சில் போட்டு எடுக்கலாம்.

இனி 1500 சீசீ காபரேற்றர் கார்க்காரர். நல்ல செற்றிங்கிலும் அது லீற்றருக்கு 10, 11தான் ஓடும். மாதம் 1000 கிலோமீற்றருக்கு 30,000 ரூபா. 17 ஓடும் சின்னக் காரோடு பார்த்தால் வருடம் ஒன்றரை இலட்சம் வித்தியாசம். அந்தக் காரைக் கொடுத்து, கடன்படாமல் அதே விலைக்குக் கிட்ட ஒரு மாருதியோ 796 சீசீ அல்டோவோ எடுக்க முடிந்தால் அந்த மாற்றம் முதல் மாதத்தில் இருந்தே உதவும். பெற்றோல் கணக்குக்காக நாங்கள் மாற்றச் சொல்கிற ஒரே இடம் இதுதான். மாதம் 300 கிலோமீற்றருக்குள் ஓடுகிறவர் அதையும் செய்ய வேண்டியதில்லை. அவருக்கு வருட மிச்சம் 45,000 தாண்டாது, பெரிய காரின் பாரமும் உறுதியும் அதைவிடப் பெறுமதி.

2020 பங்குனியில் நின்ற வாகன இறக்குமதி 2025 மாசியில் திரும்பத் திறந்தது. ஹைபிரிட் எடுக்கவே தீர்மானித்தவர்கள் ஒன்றைப் பாருங்கள். டொயோட்டா அக்வா போன்ற காரில் பெரிய பற்றரியைக் குளிர்த்தும் காற்று, பின் சீற் அருகில் உள்ள துவாரத்தால் போகிறது. கிரவல் புழுதியில் ஓடிய காரில் அந்த விசிறியும் வலையும் செம்மண்ணால் அடைபட்டிருக்கும். காற்றுக் கிடைக்காத பற்றரி வெக்கையில் சீக்கிரம் செத்துப்போகும், மாற்றும் செலவு பல இலட்சம். துவாரத்துக்குள் ரோச் அடித்துப் பாருங்கள். சீற் மேலே பளபளப்பாக இருந்து உள்ளே செம்மண் கட்டியிருந்தால் அந்தக் காரை விட்டுவிட்டு வாருங்கள்.

பழைய மாருதி வாங்கப் போகிறவர் எஞ்சினைக் கடைசியாகப் பார்க்கலாம். எஞ்சின் திருத்தலாம், உக்கிய உடம்பைத் திருத்தக் கட்டாது. சாரதி காலடியில் கம்பளத்தைத் தூக்கி, பெருவிரலால் அழுத்துங்கள், ஸ்குறூ டிறைவரால் தட்டுங்கள். பற்றரி நிற்கும் தட்டு, முன் சஸ்பென்சன் பூட்டும் மேற்கிண்ணம், பின்சில்லு வளைவின் உட்புறம், ஜக் வைக்கும் விளிம்பு ஆகிய நாலும் அடுத்தது. புதுப் புட்டியும் தாரும் பூசியிருந்தால் காந்தம் ஒன்றைக் கொண்டுபோய் ஒட்டிப் பாருங்கள். 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நனைந்த வாகனங்கள் எத்தனையோ கை மாறியிருக்கும். சீற் பெல்ற்றை முடிவு வரை இழுத்தால் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு தெரியும். அதைக் கழுவ எவருக்கும் நினைவு வராது.

வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின், சேசிஸ் இலக்கங்களைக் காரில் உள்ளதோடு நீங்களே ஒத்துப் பாருங்கள். பெயர் மாற்றாமல் மூன்று நாலு கை மாறிய கார் என்றால், புத்தகத்தில் பெயர் உள்ளவர் நேரில் கையெழுத்து வைக்கும் வரை முழுக் காசையும் கொடுக்க வேண்டாம். பிறகு விடிய ஆறு மணிக்குப் போய், அன்று யாரும் ஸ்ராட் செய்யாத காரை நீங்கள் ஸ்ராட் செய்யுங்கள். பொனற்றில் கை வையுங்கள், குளிராக இருக்க வேண்டும். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லித் திரும்புங்கள். பிடித்ததும் நீலப் புகை ஒரு முறை வந்து நின்றால் வால்வு சீல், அது சின்ன வேலை. சூடான பிறகும் மிதிக்க மிதிக்க நீலமாக வந்துகொண்டே இருந்தால் றிங். அப்போது எஞ்சின் கட்டும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். கழிக்க மாட்டார் என்றால் அடுத்த காரைப் பாருங்கள்.